ஆசைக்கோடுகள்

1950களின் பிற்பகுதியில் சிகாகோவில் ஓர் எந்திரம் இருந்தது. கார்ட்டோகிராஃபட்ரான் என்று பெயர். அந்த நகரத்து மக்கள் ஒரு நாளில் எங்கிருந்து எங்கே போனார்கள் என்று வீடுவீடாகக் கேட்டுத் திரட்டிய விவரம் காந்த நாடாவில் பதியப்பட்டிருக்கும். எந்திரம் அதைப் படித்து, ஒரு பயணத்துக்கு ஒரு கோடு வீதம், பழைய டிவிப் பெட்டியில் இருப்பது போன்ற திரையில் ஒளியால் இழுக்கும். கேமரா அந்த ஒளியையெல்லாம் ஒரே படமாகச் சேர்க்கும். புறப்பட்ட இடத்திலிருந்து சேர்ந்த இடத்துக்கு நேர்கோடு, அவ்வளவுதான். தெரு வளைவு, சிக்னல், காத்திருப்பு எதுவும் அதில் கிடையாது. கறுப்புப் பின்னணியில் நகரத்தின் நடுப்பகுதி மட்டும் வெள்ளையாகத் தீப்பிடித்ததுபோல் தெரியும். அந்தக் கோடுகளுக்குப் போக்குவரத்துப் பொறியாளர்கள் 'டிசையர் லைன்' என்று பெயர் வைத்தார்கள். ஆசைக்கோடு.

இப்படியொரு பெயரைக் கேட்டதும் பொறாமையாக இருந்தது. பதினெட்டு வருடமாகக் கவிதை எழுதுகிறேன், எனக்கு இது தோன்றவில்லையே என்று. ஆனால் இரண்டாவது முறை யோசித்தபோது பெயர் உறுத்த ஆரம்பித்தது. கோடாக விழுந்திருப்பவை எல்லாம் போய்வந்த பயணங்கள். ஆசைப்பட்டுப் போகமுடியாமல் வீட்டிலேயே இருந்தவளுக்கு அந்தத் திரையில் ஒரு புள்ளி வெளிச்சம்கூட இல்லை. போனவர்களின் ஆசைதான் ஆசை.

எனக்கு இதையெல்லாம் சொன்னவள் என் பள்ளித்தோழி. பொறியியல் கல்லூரி ஒன்றில் சிவில் துறையில் பாடம் நடத்துகிறாள். தன் மாணவர்களை வைத்து மக்களின் பயண விவரம் திரட்டும் ஓர் ஆய்வைத் தொடங்கவிருந்தாள். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. "நீதான் தமிழ் டாக்டராச்சே, ரெண்டு நாள்ல முடிச்சுக் குடுடி" என்றாள். இரண்டு நாள் வேலை ஏழு மாதம் இழுத்தது. குற்றம் என்னுடையதல்ல, அந்தப் படிவத்தில் இருந்த சொற்களுடையது.

முதல் சொல்லிலேயே மாட்டிக்கொண்டேன். டிராவல் டிமாண்ட். நம் மேல்நிலைப் பள்ளிப் பொருளியல் பாடநூல்கள் 'டிமாண்ட்' என்பதைத் 'தேவை' என்கின்றன. தேவை விதி, தேவைக் கோடு என்றுதான் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால் பொருளியலின் டிமாண்ட் நம் பேச்சு வழக்கின் தேவை அல்ல. வாங்கும் சக்தி உள்ளவர் காசோடு வந்து கேட்டால்தான் அது டிமாண்ட். பசித்தவனுக்கு அரிசி தேவை. கையில் காசு இல்லையென்றால் சந்தையில் அவனுக்கு டிமாண்ட் இல்லை. இலங்கைப் பாடநூல்கள் இதைக் 'கேள்வி' என்கின்றன, கேள்வியும் நிரம்பலும் என்று. எனக்கு ஈழத்துச் சொல்தான் நேர்மையாகப் பட்டது. வாய் திறந்து கேட்கப்பட்டது மட்டுமே அதில் அடங்குகிறது என்பதைச் சொல்லே ஒப்புக்கொள்கிறது. 'பயணத் தேவை' என்று நாம் எழுதும்போது, கணக்கில் வந்தவை மட்டும்தான் தேவை என்று ஆகிவிடுகிறது. வராதவளுக்குத் தேவையே இல்லை போலும்.

இரண்டாவது சொல் டிரிப். இதற்கு நம்மிடம் 'நடை' இருக்கிறது. "மணல் லாரி நாலு நடை அடிச்சுது" என்கிறோம். "காலையில மூணு நடை தண்ணி எடுத்தேன்" என்கிறாள் என் பெரியம்மா. தோழிக்கும் பிடித்திருந்தது. ஆனால் படிவத்தின் விளக்கக் குறிப்பைப் படித்தால் பெரியம்மாவின் மூன்று நடையும் நடையில் சேராது. குறிப்பிட்ட தூரத்துக்குள் நடந்து போய் வருவதை எழுத வேண்டாம் என்றிருந்தது. பழைய அமெரிக்க ஆய்வுகளின் வழக்கம் இது. வண்டியில் போனதுதான் பயணம். காலால் போனவற்றில் பெரும்பாலானவை கணக்கில் வரவில்லை. சாலையில் எத்தனை வண்டி வரும், எத்தனை வழித்தடம் போட வேண்டும் என்பதுதான் அவர்களுடைய கேள்வி. நடப்பவர் சாலையை அடைப்பதில்லை.

இந்தக் கணிதம் என்ன செய்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ் எம்.ஏ. படித்த எனக்குப் புரிந்தது, வாசிக்கும் உங்களுக்கும் புரியும். நகரத்தைச் சிறுசிறு மண்டலங்களாக வெட்டுகிறார்கள். முதல் படியில், ஒவ்வொரு மண்டலத்திலிருந்தும் எத்தனை பயணங்கள் கிளம்பும், எத்தனை வந்து சேரும் என்று கணக்கிடுகிறார்கள். இரண்டாம் படியில், கிளம்பியவை எந்தெந்த மண்டலத்துக்குப் போகும் என்று பங்கிடுகிறார்கள். மூன்றாம் படியில் பஸ்ஸா, ரயிலா, சொந்த வண்டியா என்று பிரிக்கிறார்கள். நான்காவதில் எந்தச் சாலைகளின் வழியே என்று இறக்கிவைக்கிறார்கள். டெட்ராய்ட்டில் 1953இல் தொடங்கிய ஆய்வையும் அடுத்துச் சிகாகோ ஆய்வையும் நடத்திய ஜே. டக்ளஸ் கேரலின் குழுவினர் கையில் இந்த முறை உருத்திரண்டது. இன்றைக்கும் மேம்பாலம், மெட்ரோ, புறவழிச்சாலை என்று எந்தத் திட்ட அறிக்கையைத் திறந்தாலும் அடியில் இந்த நான்கு படிகளோ அவற்றின் வாரிசுகளோ இருக்கும். நம் வாசலில் எந்த பஸ் நிற்கும் என்பது வரை அதிலிருந்து கசிந்து வருகிறது.

முதல் படியில்தான் எனக்குச் சண்டை அதிகம். ஒரு வீட்டிலிருந்து எத்தனை பயணம் கிளம்பும் என்பதை வீட்டின் ஆள் எண்ணிக்கை, வருமானம், வண்டி இருக்கிறதா என்பவற்றை வைத்துக் கணிக்கிறார்கள். வீட்டுக்குள் யார் போகிறார், யார் நிற்கிறார் என்ற பேச்சு இல்லை. வீடு என்பது ஒரே வயிறு, ஒரே கால் உள்ள ஒரு பிராணி. குடும்பத்தை இப்படி ஒற்றை ஆளாகப் பார்ப்பது கணக்கு மட்டும் செய்யும் தவறல்ல, ரேஷன் அட்டையும் அப்படித்தான் பார்க்கிறது; இருந்தாலும்.

அடுத்தது பயணத்தின் நோக்கம். வேலை, கல்வி, கடை, பொழுதுபோக்கு, மற்றவை. என் வீட்டுக்கு எதிர்வீட்டுப் பெண்ணின் ஒரு காலையை எழுதிப் பார்த்தோம். பெரியவனைப் பள்ளியில் விட்டு, சின்னவளை அங்கன்வாடியில் விட்டு, வழியில் மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை வாங்கி, அதைத் திரும்பி வந்து கொடுத்து, தையல் கடைக்கு வேலைக்குப் போகிறாள். ஆய்வின் கணக்கில் ஐந்து துண்டு. ஐந்தில் வேலை என்ற பெயருக்கு ஒன்றுதான் தகுதி பெற்றது. அக்கால அமெரிக்கப் படிவங்களில் இன்னொருவரைக் கொண்டுபோய் விடுவதற்கு 'பயணிக்குச் சேவை' என்று ஒரு வகை உண்டு. பெற்ற பிள்ளை பயணி, தாய் சேவை ஊழியர். மாட்ரிட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் இனெஸ் சான்செஸ் தே மதரியாகா இப்படிச் சிதறிக் கிடப்பவற்றையெல்லாம் ஒன்றாக்கி, 'பராமரிப்புப் பயணம்' என்று ஒரு வகையை முன்வைத்தார். பிள்ளையை விடுவது, முதியவரை மருத்துவரிடம் கூட்டிப்போவது, வீட்டுக்காகச் சாமான் வாங்குவது எல்லாம் ஒரே தலைப்பில் வந்தால், வேலைக்குப் போகும் பயணங்களுக்குப் பக்கத்தில் நிற்கும் அளவுக்கு அது பெரிதாகிவிடுகிறது. புதிதாக ஒரு பயணத்தையும் அவர் உண்டாக்கவில்லை. கூட்டல் கோட்டை வேறு இடத்தில் போட்டார்.

நம் நாட்டிலும் கூட்டல் கோடு எங்கே விழுகிறது என்று பாருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வேலைக்குப் போகும் தூரமும் வாகனமும் அட்டவணையாக வந்தன. யாருக்கு? விவசாயத்திலும் வீட்டுத் தொழிலிலும் இல்லாத 'பிற தொழிலாளர்'களுக்கு மட்டும். நாற்று நடப் பக்கத்து ஊருக்கு மினி லாரியில் நின்றுகொண்டே போகும் பெண்களின் தூரம் அந்த அட்டவணையில் இல்லை.

இரண்டாவது படியில் நியூட்டன் வருகிறார். இரண்டு மண்டலங்களுக்கு இடையில் எத்தனை பயணம் நடக்கும் என்பதை ஈர்ப்பு விசைபோல் கணிப்பார்கள். ஆலன் வூர்ஹீஸ் 1955இல் இதைப் போக்குவரத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர். இரண்டு பக்கமும் ஆட்களும் வேலையும் பெருத்தால் பயணம் கூடும், இடையில் தூரம் கூடினால் குறையும். தூரம் என்றால் கிலோமீட்டர் மட்டுமல்ல. கட்டணம், பஸ்ஸில் போகும் நேரம், நிறுத்தத்தில் காத்திருக்கும் நேரம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே செலவாக்குகிறார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயம் உண்டு. காத்திருக்கும் ஒரு நிமிடத்தை, ஓடும் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் ஒரு நிமிடத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கணக்கிடுவது வழக்கம். காத்திருப்பு கனமானது என்று எண்ணால் எழுதிவைத்த துறை இது. முல்லைத்திணைப் பாட்டைப் பொறியாளர்கள் வேறு வழியில் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

அந்தச் சமன்பாட்டைக் கண்ணகி நகரில் வைத்துப் பார்க்கலாம். சென்னையின் நடுவே ஆற்றோரங்களிலும் சாலையோரங்களிலும் இருந்த குடிசைப் பகுதிகளை அகற்றி, 2000ஆம் ஆண்டிலிருந்து துரைப்பாக்கம் பக்கம் கொண்டுபோய்க் குடியமர்த்தினார்கள். பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். அப்படிப் போன பெண்களில் பலர் மயிலாப்பூரிலும் ஆழ்வார்பேட்டையிலும் வீட்டுவேலை செய்தவர்கள். நடந்தே போய், காலை இரண்டு வீடு, மாலை இரண்டு வீடு முடித்துத் திரும்பியவர்கள். புதிய இடத்திலிருந்து பஸ்ஸைப் பிடித்து, மாறி, போய்ச் சேர ஆகும் நேரமும் காசும் அந்தச் சம்பளத்தில் பாதியைத் தின்றன. பலருக்கு வேலை போயிற்று. ஈர்ப்பு விசைக் கணக்குக்கு இதில் எந்த அதிர்ச்சியும் இல்லை. தூரம் கூடியது, பயணம் குறைந்தது. சமன்பாடு சரியாகவே வேலை செய்தது. முன்பும் அவர்கள் நடந்துதான் போனார்கள் என்பதால் பழைய கோடும் கணக்கில் இருந்திருக்காது. இழந்தது எங்கும் பதியவில்லை. பிறகு யாராவது அந்த மண்டலத்தை அளந்தால், 'இங்கே பெண்களின் பயண விகிதம் குறைவு' என்று எழுதுவார்கள். விகிதம் குறைவு என்பதால் பஸ் குறைவு. பஸ் குறைவு என்பதால் விகிதம் குறைவு.

மூன்றாவது படிக்கு ஒரு நோபல் பரிசே உண்டு. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் 1972இல் பார்ட் என்ற ரயில் ஓடத் தொடங்கியது. வேலைக்குப் போகிறவர்களில் 15 விழுக்காட்டினர் அதில் ஏறுவார்கள் என்பது அதிகாரப்பூர்வ மதிப்பீடு. டேனியல் மெக்ஃபேடன் தன் முறையில் கணக்கிட்டு 6.3 என்றார். ஓடிய பிறகு எண்ணியதில் வந்தது 6.2. 2000இல் அவருக்குப் பொருளியல் நோபல் கிடைத்தது. இந்த முறையில் ஒரு புகழ்பெற்ற ஓட்டை இருக்கிறது, மாணவர்களுக்குச் 'சிவப்பு பஸ், நீல பஸ்' என்று சொல்லிக்கொடுப்பார்கள். ஊரில் பாதிப்பேர் காரிலும் பாதிப்பேர் சிவப்பு பஸ்ஸிலும் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே தடத்தில், அதே கட்டணத்தில் நீல வண்ணம் பூசிய பஸ் ஒன்றை விட்டால், மூன்றில் ஒரு பங்காக எல்லாம் பிரியும் என்று சமன்பாடு சொல்லும். நடப்பில் கார்க்காரர் காரிலேயே இருப்பார். பஸ் கூட்டம்தான் இரண்டாகப் பிரியும். வண்ணத்துக்காக யார் காரை விடுவார்?

தோழி இதைச் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். நம் ஊரில் வண்ணம்தான் எல்லாம். 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று தமிழ்நாடு அரசு ஆணையிட்டது. எது சாதாரண பஸ், எது எக்ஸ்பிரஸ், எது டீலக்ஸ் என்று தெரியாமல் ஏறி, நடத்துநரிடம் திட்டு வாங்கி இறங்கிய பெண்கள் ஏராளம். 2022 ஆகஸ்டில் சென்னையில் அந்த பஸ்களின் முன்னும் பின்னும் இளஞ்சிவப்பு அடித்தார்கள். கையில் காசில்லாதவளுக்கு இளஞ்சிவப்பு பஸ்ஸும் மற்ற பஸ்ஸும் ஒரே வாகனத்தின் இரண்டு வண்ணங்கள் அல்ல. ஒன்று பஸ். மற்றது, நடந்து போகும்போது பக்கத்தில் புழுதி கிளப்பிப் போகும் ஒரு பொருள்.

கட்டணமில்லாப் பயணம் வந்ததும் நடந்ததுதான் இந்தக் கட்டுரையை நான் எழுதுவதற்குக் காரணம். சாதாரண பஸ்களில் பெண்களின் பங்கு 40 விழுக்காட்டிலிருந்து 61 ஆனது என்று 2022 மார்ச் நிதிநிலை அறிக்கையில் சொன்னார்கள். இந்தப் பெண்கள் அதுவரை எங்கே இருந்தார்கள்? சிலர் ஷேர் ஆட்டோவில் வந்திருப்பார்கள், சிலர் நடந்திருப்பார்கள். மிச்சம் பேர் வீட்டில் இருந்தார்கள். கட்டணம் 3 விழுக்காடு கூடினால் பயணிகள் 1 விழுக்காடு குறைவார்கள் என்று அமெரிக்க பஸ் துறையினர் நெடுங்காலம் ஒரு வாய்பாடு வைத்திருந்தார்கள். காசு ஓரளவு இருக்கிறவர் மனம் எப்படி அசைகிறது என்று அது சொல்லும். பத்து ரூபாய்க்குக் கணவனிடம் கைநீட்டி, எதற்கு என்ற கேள்விக்குப் பதில் சொல்லி, பதில் போதாமல் உட்கார்ந்துவிடுகிறவளை அது அறியாது. அவளுக்குக் கட்டணம் பூஜ்யமானபோது மிச்சமானது பத்து ரூபாய் மட்டுமல்ல, அந்தக் கேள்வியும்தான். 'ஓசி டிக்கெட்' என்று பஸ்ஸில் கேட்கும் இளக்காரத்தையும் தாங்கிக்கொண்டு அவர்கள் ஏறுவது எதற்காக என்று நினைக்கிறீர்கள்?

நான்காம் படியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பிரிட்டனின் சாலை ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த வார்ட்ராப் 1952இல் சொன்ன விதி அது: ஒவ்வொருவரும் தனக்கு நேரம் மிச்சமாகும் வழியையே தேர்ந்தெடுப்பார், கடைசியில் பயன்படும் வழிகள் எல்லாவற்றிலும் ஒரே நேரம்தான் ஆகும், ஆளில்லாத எந்த வழியும் அவற்றைவிட விரைவாக இருக்காது. அழகான விதி. மாலை ஏழு மணிக்குமேல் டாஸ்மாக் இருக்கும் குறுக்குத்தெருவை விட்டு, பத்து நிமிடம் சுற்றிக்கொண்டு விளக்குள்ள கடைத்தெரு வழியே வரும் என் மாணவிகள் இந்த விதிக்குள் வரமாட்டார்கள்.

சாலையில் ஓடுவனவற்றை அளக்கும் அலகின் பெயரையும் சொல்லாமல் விட மனமில்லை: 'பயணியர் கார் அலகு'. கார் என்றால் 1. இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1990இல் நகரச் சாலைகளுக்குத் தந்த வழிகாட்டியில் பஸ் என்றால் 2.2 முதல் 3.7 வரை, சைக்கிள் என்றால் 0.4 முதல் 0.5 வரை. சாலையில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதன் அளவு அது. உள்ளே எத்தனை பேர் என்பது கணக்கில்லை. அறுபது பெண்கள் ஏறிய பஸ், தனியாளாக ஒருவர் ஓட்டிவரும் மூன்று கார்களுக்குச் சமமான தொல்லை.

நான் கணக்குக்கு எதிரியல்ல. பெண்ணியம் பேசுகிற சிலர் எண்ணைக் கண்டாலே ஆணாதிக்கம் என்று ஒதுங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. எண்ணாதவரை எவரும் நமக்கு பஸ் விடமாட்டார்கள். புதிதாக ஒரு சாலையைச் சேர்த்தால் எல்லோருக்கும் பயண நேரம் கூடவும் வாய்ப்புண்டு என்று 1968இல் டீட்ரிக் பிராஸ் என்ற ஜெர்மன் கணிதர் தாளில் நிறுவிக்காட்டினார். சியோல் நகரில் 2003இல் ஓர் உயர்மட்டச் சாலையை இடிக்கத் தொடங்கி, அடியில் மூடிக்கிடந்த சியோங்யேச்சியோன் ஓடையை 2005இல் திறந்துவிட்டார்கள். ஊர் ஸ்தம்பிக்கும் என்று பயந்ததுபோல் நடக்கவில்லை. கணிதம் இவ்வளவு சூட்சுமமாக யோசிக்கக்கூடியது. அதற்கு ஊட்டப்படும் விவரத்தில்தான் நாம் இல்லை.

இனி என் மாணவியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் பாடம் நடத்தும் கல்லூரி ஒரு சிறு நகரத்தின் விளிம்பில் இருக்கிறது. அவள் ஊர் அங்கிருந்து இருபது கிலோமீட்டர். மாலை ஐந்து மணிக்கு ஒரு டவுன் பஸ், அடுத்தது ஏழரைக்கு. இரண்டாம் ஆண்டு தொடங்கி ஜூலையில் வந்தவள், ஆகஸ்டில் பாதி நாள் வரவில்லை. கூப்பிட்டுக் கேட்டேன். "அஞ்சு மணி ட்ரிப்ப கட் பண்ணிட்டாங்கம்மா. ஏழரை பஸ்ல வந்தா ஊருக்குள்ள போக எட்டே முக்கால் ஆவுது. அப்பா வேணாங்கறாரு" என்றாள். அவளோடு அந்த பஸ்ஸில் போகும் பெண்கள் பதினோரு பேர் எங்கள் கல்லூரியில் மட்டும்.

பணிமனைக்கு நானும் இன்னும் இரண்டு ஆசிரியைகளும் போனோம். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார், டீ சொன்னார். "ஆள் ஏறலீங்க மேடம். கணக்கெடுத்துத்தான் கட் பண்ணோம்" என்று பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். கணக்கெடுத்திருந்தது மே மாதம். மே மாதம் கல்லூரி விடுமுறை. ஐந்து மணி பஸ்ஸில் மே மாதம் யார் ஏறுவார்கள்? நான் அதைச் சொன்னேன். அவர் தேதியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "மேல எழுதிப் போடுறேன்" என்றார். எழுதிப் போட்டார் என்றே நம்புகிறேன். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுத்தோம். பஸ் திரும்பி வந்தது, அடுத்த ஏப்ரலில்.

அதற்குள் அவள் ஷூ கம்பெனியில் சேர்ந்திருந்தாள். கம்பெனி பஸ் அதிகாலை ஐந்தரைக்கு அவள் தெருமுனைக்கே வருகிறது. மாலையில் அதே இடத்தில் இறக்கிவிடுகிறது. இருபது கிலோமீட்டரில் இருக்கும் கல்லூரிக்கு வராத பஸ், நாற்பது கிலோமீட்டரில் இருக்கும் தொழிற்சாலைக்குத் தவறாமல் ஓடுகிறது. தொழிற்சாலை வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவள் கையில் இப்போது சம்பளம் இருக்கிறது, போன தீபாவளிக்கு எனக்கு ஸ்வீட் பாக்ஸ் அனுப்பினாள். ஆனால் நாளைக்கு ஒருவர் அந்த வட்டாரத்துக்கு ஆசைக்கோடு வரைந்தால், அவள் ஊரிலிருந்து தொழிற்சாலைக்குத் தடித்த கோடு ஒன்று போகும். இந்த ஊர்ப் பெண்களின் ஆசை இது என்று அதைக் காட்டுவார்கள். தமிழ் இலக்கியம் படித்து ஆசிரியையாக வேண்டும் என்று முதலாண்டில் வகுப்பில் எழுந்து நின்று சொன்னாளே, அது எந்தக் கோடு?

போகாத பயணத்துக்கு நம் மரபில் பெயரே உண்டு. செலவு என்றால் பழந்தமிழில் பயணம். பொருள் தேடப் புறப்படும் தலைவன், தலைவியின் வருத்தத்தைப் பார்த்துப் பயணத்தை நிறுத்துவது 'செலவழுங்குதல்' என்ற துறை. அதுவும் போகாமலே இருந்துவிடுவது அல்ல, அவளைத் தேற்றுவதற்காகச் சற்றுத் தங்குவதுதான் என்று தொல்காப்பியம் விளக்கம் சொல்லி, அவன் போவதை உறுதிசெய்துவிடுகிறது. கடல்வழிப் பயணத்தில் பெண்ணை உடன் கொண்டுபோகும் வழக்கமில்லை என்றும் அதே நூல் சொல்கிறது. அழுங்கும் செலவு அவனுடையது. அவளுக்கு அழுங்குவதற்கும் ஒரு செலவு இல்லை, உடன்போக்கு ஒன்றுதான். முனைவர் பட்டத்துக்காக அகத்துறைகளை ஆறு வருடம் அட்டவணை போட்டவள் நான். தலைவி தனியாக எங்கோ போக நினைத்து, போகாமல் நின்ற துறையென்று அதில் ஒன்றும் இல்லை.

இன்றைய போக்குவரத்து ஆய்வாளர்கள் அதற்கு 'அமுக்கப்பட்ட டிமாண்ட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் இருக்கிறது, படிவத்தில் கட்டம் இல்லை. தோழியோடு மல்லுக்கட்டி ஒரு கட்டம் வாங்கினேன். 'நேற்று நீங்கள் போய்வந்த இடங்கள்' என்ற பட்டியலுக்குக் கீழே ஒரு வரி: 'போன வாரம் போக நினைத்துப் போகாத இடம் ஏதாவது உண்டா? ஏன் போகவில்லை?' "இத எந்த மாடல்ல போடுறதுன்னு எனக்கே தெரியலடி" என்றாள். இருந்தாலும் சேர்த்தாள்.

முன்னோட்டமாக ஒரே தெருவில் முப்பது வீடு. நானும் கூடப் போனேன். ஆண்கள் அந்த வரியில் பெரும்பாலும் ஒரு கோடு கிழித்துக் கொடுத்தார்கள். பெண்களிடம் கேட்டபோது முதலில் "அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல" என்றார்கள். பேனாவை மூடியதும் பேச ஆரம்பித்தார்கள். பல்வலி, மூன்று வாரமாக. அம்மா வீடு, அம்மாவுக்கு முடியவில்லை, பிள்ளையை யாரிடம் விடுவது. கண் ஆஸ்பத்திரி. டிப்ளமா சர்ட்டிஃபிகேட் வாங்க வேண்டும், நாலு மணிக்குமேல் ஆபீஸில் ஆள் இருக்காது. தோழியின் மாணவன் எழுத இடம் போதாமல் தாளின் பின்பக்கம் திருப்பினான்.

கடைசி வீட்டில் ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர், பூக் கட்டிக்கொண்டே பதில் சொன்னார். பஸ் ஸ்டாண்டுக்குப் போய் முதலில் வருகிற பஸ்ஸில் ஏறி, அது போகிற ஊர் வரைக்கும் போய், அங்கே ஒரு காபி குடித்துவிட்டு அதே பஸ்ஸில் திரும்பி வர வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பாம்.

"எதுக்கும்மா?" என்று கேட்டான் பையன். நோக்கம் என்ற கட்டத்தை நிரப்ப வேண்டுமே.

"சும்மாதான் தம்பி."

வேலை 1, கல்வி 2, கடை 3 என்று ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. சும்மாவுக்கு எண் இல்லை. அவன் தோழியைப் பார்த்தான். மற்றவை 9 என்று போடச் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் படிவத்தை வாங்கி, பட்டியலின் அடியில் தன் கையால் 10 என்று எழுதி, எதிரே சும்மா என்று எழுதினாள். கணினியில் இரண்டு இலக்கம் ஏறுமா என்று அவன் கேட்டான். "ஏத்து" என்றாள்.